நெற்றியோடு நின்றுவிட்ட மரண அறிவித்தல்கள்

சுருவில் கிராமத்துக் குருசுமுத்துவின் மகள் மேர்சி, வேலணையில் சிவபாதத்தின் தொலைபேசிக் கடை மூலையில் ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு ஊரின் இணையத்தளத்தை நடத்தினாள். சம்பளம் கனடா ஊர்ச்சங்கத்திலிருந்து வந்தது. தகப்பனுக்கு முழங்கால் பிடித்துக் கடலுக்குப் போக ஏலாமற்போன பிறகு, வீட்டில் உலை வைத்தது அந்தச் சம்பளம்தான்.

தளம் நல்லாய்த்தான் தொடங்கியது. பிறகு ஊரவர்கள் சாகத் தொடங்கினார்கள். செத்தவரின் படம் முதற்பக்கத்தில் போடப்படும்; செத்து ஓராண்டு முடியுமட்டும் எடுக்கக்கூடாது. சைவக்காரருக்கும் கிறிஸ்தவ வேதக்காரருக்கும் அதுதான் சட்டம். எடுத்தால் இரண்டு கண்டங்களில் சண்டை மூளும்.

2005இல் படங்கள் குவிந்த அந்தப் பக்கம் திறப்பதற்குள் ரொறன்ரோவில் ஒருவர் முகம் மழித்து முடித்து, திரும்பவும் தாடி வளர்த்துவிட்டாராம். நம்பாதவர்கள் அவரையே கேட்டுப்பாருங்கள். படங்கள் மேலிருந்து கீழே ஊர்ந்து வரும்: முதலில் நெற்றி, பிறகு புருவம்.

ஒருநாள் சங்கத் தலைவர் பரராசசிங்கம் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை மேர்சி, இஞ்ச எங்கட அப்புத்துரை அண்ணை நெற்றியைக் கண்டிட்டு 'என்ர சின்னம்மா!' எண்டு குழறத் தொடங்கினவர். வீடே சேர்ந்து அழுதது. மூக்கு வந்தது, அதுக்குக் கீழ மீசையும் வந்திட்டுது!"

"ஆற்ற மீசை ஐயா?"

"ஆற்றயாவது இருக்கட்டும்! சின்னம்மா சுகமா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குள்ள தளம் கெதியாத் திறக்காட்டி, சபையில மற்றவையள் அதைக் கொழும்பில ஒரு கொம்பனிக்குக் குடுக்கப்போகினம். என்னால மறிக்க ஏலாது."

மேர்சி உடனே கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தாள். திரையில்தான் அவை சின்னனாகத் தெரிந்தன. ஏற்றியதோ முழுப் பாரத்தோடு. அலுமாரியைச் சீலையால் மூடிவிட்டு, கைப்பெட்டி என்று சொல்லி வள்ளத்தில் ஏற்றினால் வள்ளம் ஓடுமா? எல்லாவற்றையும் மெய்யாகவே சின்னனாக்கினாள். படத்தில் அமத்தினால் மட்டும் பெரிய படம் வரும்படி வைத்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்த தளத்தை, அடுத்த சாவு விழும்வரை சமைத்ததையே எடுத்துக்கொடுக்கப் பழக்கினாள்.

மறுநாளே கனடாவிலிருந்து, தாயைப் பறிகொடுத்திருந்த சத்தியபாமா தொலைபேசியில் சீறினாள். "எங்கட அம்மாவை முத்திரையளவா ஆக்கிப்போட்டீர்!"

"அக்கா, அம்மாவில ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

மற்றப்பக்கம் மவுஸ் 'டிக்' என்றது.

"ஐயோ, தோட்டுக் கல்லுக்கூடத் தெரியுது. எல்லாற்ற படமும் இவ்வளவு பெரிசா வருமோ?"

"ஓம் அக்கா."

"அம்மாட மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசா வரப்பண்ண ஏலாதோ?"

ரொறன்ரோவில் ஞாயிறு பின்னேரக் கூட்டம் முடியும்போது வேலணையில் திங்கள் விடிந்துவிடும். கடைத் தொலைபேசி மணி அடித்ததும், விடியவே வந்து காத்திருந்த மேர்சி பாய்ந்து எடுத்தாள்.

"சபைக்கு முன்னால திறந்து காட்டினனான் பிள்ளை," என்றார் பரராசசிங்கம். "விரல் வைக்க முதலே செத்தவையள் எல்லாரும் வந்து நிக்கினம்! கொழும்புக் கதை முடிஞ்சுது. இனியும் தளத்தை நீரே பாரும்."

மேர்சி தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் விழுந்தாள். சிவபாதம் பதறி ஓடிவந்தார்.

"ஆர் பிள்ளை செத்தது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றாள். சிரிப்பை அடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.