கீழ்பென்னாத்தூருக்கு ஒரு ஜோடி செருப்பு

"அனுப்புநர்: ஜோதியம்மாள், காலணி மொத்த வியாபாரி, அடி அண்ணாமலை."

கூரியர் ரசீது அப்படித்தான் சொல்கிறது. ஐம்பது வயதாகும் ஜோதியம்மாள் இதுவரை ஒரு செருப்புகூட விற்றதில்லை. பௌர்ணமிதோறும் செங்கம் சாலையோரம் தார்ப்பாய் விரித்து, மலை சுற்றப் போகிறவர்கள் கழற்றிவிடும் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார். தினசரிக் காலண்டர் தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் செருப்பில் செருகுவார், மறுபாதியை ஆளிடம் கொடுப்பார். இரண்டிலும் அவருடைய போன் நம்பர் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஜோடிகூட மாறியதில்லை. ஊர்ச் செருப்பையெல்லாம் காவல் காக்கும் அவர் நடப்பது மட்டும் வெறுங்காலோடு. ஏன் என்று கேட்டால், "என் செருப்ப யாரு பாத்துப்பாங்க?" என்பார்.

சென்ற பௌர்ணமி முடிந்த திங்கட்கிழமை காலை, தார்ப்பாயில் ஒரு ஜோடி மிச்சம். இடதுகால் செருப்புக்கு மட்டும் இரண்டு அங்குல உயரத்துக்கு அடி கட்டியிருந்தது. யாரும் மறந்துவிட்டுப் போகக்கூடிய செருப்பே அல்ல. மதியம் போன் வந்தது.

"அக்கா, கீழ்பென்னாத்தூர்ல இருந்து புகழேந்தி பேசறேன். வேண்டுதல்னு வெறுங்கால்லயே சுத்திட்டேன், இடுப்பு புடிச்சிக்கிச்சு. கூட வந்தவங்க தூக்கி வேன்ல போட்டாங்க. செருப்பு ஞாபகமே வரல. இப்ப எழுந்துக்கவே முடியலக்கா."

"அப்டி இன்னாப்பா வேண்டுதல்?"

"கல்யாணம் ஆவணும்னுதான். வர்ற வாரம் வெள்ளிக்கிழம நிச்சயம். புதுசு செய்ய ஒரு மாசம் ஆவுமாம். அந்தச் செருப்பு இல்லாட்டி பொண்ணு பக்கத்துல சாஞ்சிக்கினுதான் நிக்கணும்."

பஸ்ஸில் போய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் ஜோதியம்மாள் நினைத்தார். முக்கால் மணி நேரப் பயணம். கல்லூரியில் படிக்கும் மகள் அபிநயாதான் தடுத்தாள். "இதுக்குப் போய் பஸ் ஏறுவியாம்மா? கூரியர் போட்டா நாளைக்கே கதவத் தட்டுவாங்க."

ஆகவே, பஸ் ஏறாமல் இருப்பதற்காக ஜோதியம்மாள் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்.

கூரியர் கவுன்டரில் இருந்த சுரேஷ்குமார் விவரம் கேட்டார்.

"செருப்பு உங்களுதாம்மா?"

"இல்லப்பா."

"எவ்ளோ ஜோடி வெச்சிருக்கீங்க?"

"பௌர்ணமிக்கு முந்நூறு, நானூறு வரும். கார்த்திகைக்கு இன்னும் ஜாஸ்தி."

சுரேஷ்குமார் மரியாதையோடு நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கே போயிடும்மா" என்றார். பிறகு, மொத்த வியாபாரி என்று பதிந்தார்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வேலூர் போனது. புதன்கிழமை சென்னை போனது. மொத்த வியாபாரி அனுப்பும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. பில் எங்கே என்று அங்கே அதை ஓரமாக உட்காரவைத்தார்கள். புகழேந்தி தினமும் கூப்பிட்டார்.

"அக்கா, இன்னிக்கு எங்க கீது?"

"மெட்ராஸ்லதாம்பா. நான்கூட அங்க அவ்ளோ நாள் தங்கினதில்ல."

அடுத்த திங்கட்கிழமை பார்சலைத் திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை மாலை, கூரியரில் கொடுத்திருந்த அபிநயாவின் போனுக்குச் செய்தி வந்தது: "கடை மூடியிருந்தது. ஒப்படைக்க இயலவில்லை." அன்று முழுக்க ஜோதியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இல்லாத கடையை எப்படி மூடினோம் என்று அவருக்கு விளங்கவில்லை. நிச்சயத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை, கூரியர் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே படியில் நின்றார். சுரேஷ்குமார் பார்சலைத் தேடி எடுத்துவந்தார்.

"சாரிம்மா. இந்த தபா சரியா பதிஞ்சு அனுப்பறேன். நாளைக்கே போயிடும், கேரண்டி."

"போன தபாவும் இதையேதான் சொன்ன. உன் நாளைய நீயே வெச்சிக்க, செருப்பக் குடு."

அங்கிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி, புகழேந்தியின் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். காலண்டர் தாளின் மறுபாதியைக் கேட்டு வாங்கி, தன் பாதியோடு பொருத்திப் பார்த்த பிறகு செருப்பைக் கொடுத்தார்.