பின்னறையில் கட்டிய பைகள்

யூதர்களின் செபக்கூடமொன்று நடத்திய உதவிக் களஞ்சியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பொறுப்பாளர் மதாம் ரஷெல் ஒரு விதி சொன்னார். "இங்கே பொய் கூடாது. தகரப் பேணியில் திகதி முடிந்திருந்தால், முடிந்தது என்றே சொல்ல வேண்டும்." ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவி முதுகு போனவன் நான். நின்றபடி பை கட்டும் வேலை கிடைத்ததே பெரிய புண்ணியம். ஓம், சரி என்றேன்.

களஞ்சியம் பிரெஞ்சுத் தலைநகரில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஞாயிறுகளில் அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொருளும் புத்தகமும் கொடுப்போம். என்ன மதம் என்று கேட்பதில்லை. புத்தகத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

1. மாவுக் காலம்

பாஸ்கா பண்டிகை நாட்களில் யூதர் வீட்டில் புளித்த மாவுப் பண்டம் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. அதனால் பண்டிகைக்கு முன்னரே அலுமாரிகளைத் துடைத்து, கோதுமை மா, ரவை, பிஸ்கட் என்று எங்களிடம் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். எங்கள் தமிழ்ச் சனத்துக்கு அது ரொட்டிக்கும் உப்புமாவுக்கும் ஆகும்.

அந்த வருடம் வரிசையில் தமிழர் அதிகம். மதாம் ரஷெல் என்னை முன்மேசையில் நிறுத்தினார். "உங்கள் முகத்தைக் கண்டால் அவர்களுக்குக் கூச்சம் போய்விடும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வரிசையில் ஒரு பெண், கையைப் பிடித்தபடி சின்ன மகள். கிட்ட வந்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மனைவி. கோயில் தேருக்கு அன்னதான அரிசி மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியது அவர்கள் கடையிலிருந்துதான். கடை மூடப்பட்டுவிட்டதும், கணவர் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் எனக்குத் தெரியும்.

"வாங்கோ தங்கச்சி" என்றேன்.

அவள் முகம் கறுத்துப் போனது. "நான் சாமான் எடுக்க வரேல்லை அண்ணை. பிள்ளைக்குப் புத்தகம் பாக்க வந்தனான்."

"மாவும் இருக்கு, கொஞ்சம்…"

"வீட்டிலை எல்லாம் கிடக்கு."

மகள் பிஸ்கட் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு படக்கதைப் புத்தகத்தோடு இருவரும் வெறும் பையுடன் போனார்கள்.

2. கதவுக்குப் பின்னால்

அன்று பின்னேரமே மதாம் ரஷெலிடம் சொன்னேன். "முன்மேசையில் நான் நிற்கக் கூடாது மதாம். பிறத்தியாரிடம் கை நீட்டலாம். தெரிந்தவன் முன்னால் நீட்ட எங்கள் ஆட்களுக்குக் கை வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதே மேல் என்று எங்கள் சமயமும் சொல்கிறது. அதை எப்படி மறந்தேன்!"

புத்தகத்தைத் திருப்பித் தர அவள் எப்படியும் வருவாள் என்று எனக்குத் தெரியும். இரவல் பொருளை வைத்திருக்கிற வீடு அல்ல அது. அடுத்த ஞாயிறு நான் பின்னறையில் இருந்து அவளுக்கென்று ஒரு பை கட்டினேன். மாட்டிறைச்சிப் பேணியை எடுத்துவிட்டு மைசூர்ப் பருப்பு வைத்தேன். மேலே ஒரு பிஸ்கட் பெட்டியும் ஒரு சிறுவர் புத்தகமும்.

அவள் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தத் தமிழர் இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை" என்றார் மதாம் ரஷெல். "அவர் வேலையை விட்டுவிட்டார்."

கதவுக்குப் பின்னால் நான் மூச்சுவிடாமல் நின்றேன். பை மேசையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல்: "அம்மா, பிஸ்கட்!"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பை கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, யார் கண்ணில் படக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, லாச்சப்பல் மரக்கறிக் கடையில் அவளைக் கண்டேன்.

"அண்ணை, இப்ப அங்கை வேலை செய்யிறேல்லையோ?"

"இல்லை, தங்கச்சி. அப்பவே விட்டிட்டன்."

அவள் முகம் தெளிந்தது. கணவருக்குச் சுகம் வருகிறது என்றாள், பிள்ளை நன்றாக வாசிக்கிறாள் என்றாள்.

மறுநாள் காலையும் அவளுடைய பையை நான்தான் கட்டினேன்.