நீலச் சட்டியின் பழுப்பு வளையம்

பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே குடுவையும் சோதனைக் குழாயும் கழுவுகிறாள். கழுவியதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் முத்து முத்தாக ஒட்டி நின்றால் அழுக்கு இன்னும் போகவில்லை. ஒரே படலமாக வழிந்து இறங்கினால்தான் சுத்தம். "கண்ணாடியம்மா கை பட்டா கறையே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடும்" என்பார் மேலாளர்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த இரண்டு மாதம் அந்தக் கை எதையும் கழுவவில்லை. அப்போது வந்து சேர்ந்தவள் நாத்தனார், கணவனின் அக்கா. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் நீல எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி. உட்புறம் பாலாடை நிறம். தூக்கினால் தோள் இறங்கும். நாத்தனாரின் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வேலையை விட்டுக் கரையோடு ஒதுங்கியபோது கொண்டுவந்தது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

"உங்க வீட்டுத் தகரத்துல வச்சா அடிபிடிக்கும். பழி என் தலையில விழும்" என்றாள் நாத்தனார், செருப்பைக் கழற்றும் முன்பே.

அந்தச் சட்டியில் காய்கறி சூப் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஊட்டும்போதே திட்டினாள். "ஆப்பரேஷன் வயித்துலதானே? வாய்ல இல்லையே? திற." அவளுக்கு நாக்கில் முள், கையில் தேன். கண்ணாடியம்மாவைப் பெற்றவள்கூட அப்படித் தாங்கியதில்லை. ஒருநாள் கண்ணாடியம்மா கண் கலங்கி ஏதோ சொல்லப் போனாள். "சூப்புல உப்பு சரியா இருக்கு, நீ வேற கொட்டாத" என்று அடக்கிவிட்டாள் நாத்தனார்.

கிளம்பும்போது சட்டியை விட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் சுமக்க முடியாது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மருமகனின் காரில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை மாலை, கண்ணாடியம்மா சட்டியில் பருப்பும் கேரட்டும் போட்டு அடுப்பில் ஏற்றினாள். போன் அடித்தது. பெரிய குடுவைகள் எந்த அலமாரியில் என்று மேலாளர் கேட்டார். அவள் அலமாரியைச் சொன்னாள், தட்டைச் சொன்னாள், எப்படிப் பிடித்து எடுக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். திரும்பி வந்தபோது சட்டிக்குள் கரி.

கணவன் எட்டிப் பார்த்தான். "நான் எதையும் பார்க்கலப்பா. அக்கா கேட்டா நான் அன்னிக்கு வேலைக்குப் போயிட்டேன்."

"புதன்கிழமை உங்களுக்கு லீவுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அவன் கம்பி நாரை எடுத்து நீட்டினான். அவள் தட்டிவிட்டாள். எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. கண்ணாடியைக் கம்பியால் தேய்க்கிறவர்களை அவள் தன் தொட்டிப் பக்கம் விட்டதே இல்லை. சூட்டோடு பச்சைத் தண்ணீரும் ஊற்றவில்லை, விரிசல் விட்டுவிடும். ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு, சின்னத் தீயில் வைத்தாள். மரக்கரண்டியால் மெல்ல நெம்பினாள். கரி ஏடு ஏடாகக் கிளம்பியது. வியாழனும் அதே. வெள்ளிக்கிழமை அடியில் ஒரு பழுப்பு வளையம் மட்டும் மிச்சம்.

"அது அக்காவோடது. முன்னாடியே இருந்துச்சு" என்றான் கணவன்.

"அழுக்குக்கு ஏதுங்க சொந்தக்காரங்க?"

சோடாவைக் குழைத்து அப்பி ஊறவிட்டு, துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். சனிக்கிழமை மாலை சட்டியைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். ஒரே படலமாக வழிந்தது. வாங்கியதைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று மனசு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மூடியைத் திறந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"வளையம் எங்கே?"

"அடிபிடிச்சிருச்சு அண்ணி. தேய்ச்சேன். எல்லாம் போயிடுச்சு."

"அவர் கடைசியா வச்ச சூப்புடி அது." நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடுப்புல வச்சிட்டு இப்படித்தான் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. அடுப்ப நான்தான் அணைச்சேன். அதைத் தேய்க்க எனக்குக் கை வரல."

கண்ணாடியம்மா தன் கையைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்தக் கைமேல் அவளுக்குக் கோபம் வந்தது.

நாத்தனார் சட்டியை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அடியில் விரலை ஓட்டினாள். பழுப்பு போன இடத்தில், பாலாடை நிறத்தில், மயிரிழை போலக் கீறல்கள். வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கில்.

"இது நீ போட்டதா?"

"சத்தியமா இல்ல அண்ணி. துணி தவிர எதுவும் படல. அடியில முன்னமே இருந்திருக்கு."

நாத்தனார் விரலை மறுபடி ஓட்டினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கண்ணாடியம்மா பக்கத்தில் போனாள். அழுகையோடு சிரிப்பும் இருந்தது.

"இரும்புக் கரண்டி! மரக்கரண்டியால கிண்டுங்கன்னு நாலு கரண்டி வாங்கித் தந்தேன். ஒண்ணையாவது தொட்டாரா மனுஷன்? கப்பல்ல அப்படித்தானாம். தினம் சண்டை. கப்பல விட்டு வந்ததுலேர்ந்து போட்ட சண்டை பூரா இங்க இருக்குடி."

"அப்ப நான் தேய்ச்சது..."

"மாசத்துக்கு ஒருநாள் தேய்ச்சுக் குடு. உன்னை மாதிரி எனக்கு வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்கிட்ட இரும்புக் கரண்டி இருக்கா?"

"மரக்கரண்டிதான் அண்ணி."

"நல்லது. இந்த வீட்ல ஒருத்தியாவது பேச்சு கேக்குறா. சூப்பு வை. இன்னைக்கு நான் உட்கார்ந்து சாப்பிடுறேன்."

கண்ணாடியம்மா காய் நறுக்கிப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் போன் அடித்தது.

"ஏங்க, யாரா இருந்தாலும் நான் அடுப்படியில இருக்கேன்னு சொல்லுங்க."

சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கிண்டினாள். வெந்ததும் முதல் கரண்டியை ஊதி ஆறவைத்து, நாத்தனாரின் வாயருகே கொண்டுபோனாள்.

"திறங்க" என்றாள்.