அவன் நீட்டிய கை

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியும் என் வலது கை வைத்த இடத்திலேயே கிடந்தது. விரல்கள் பேனாவைப் பிடிக்கும். மணிக்கட்டு மட்டும் எழாது. தெரபிஸ்ட் தினமும் தூக்கச் சொல்வார், அது காதில் போட்டுக்கொள்ளாது. ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் இருக்கும் கேட்டி ஊரில் எங்கள் ஜெபக்குழு ஆன்ட்டிகள் அற்புதம் நடக்கும் என்றார்கள். கணவரோ தட்டு, சாவி, மவுஸ் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் என் இடப்பக்கம் மாற்றி வைத்துவிட்டார். எரிச்சலாக வந்தது. நான் லேபில் ரத்தம் எடுப்பவள். வலது கை இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை.

ஒரு ஞாயிறு, ஹூஸ்டன் மியூசியத்தில் பதினேழாம் நூற்றாண்டு பரோக் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான். சூம்பிய கைக்காரனிடம் இயேசு கையை நீட்டச் சொல்கிறார். படத்தில் அவர்கள் நிற்கும் கூடம் முழுக்க இருட்டு. அவன் நீட்டிய கை மட்டும் பளீரென்றிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கையில் ஒரு கோடுகூட இல்லை, வெறும் காகிதம். சுற்றியிருந்த இருட்டைத்தான் செதுக்கியவர் மயிரிழைக் கோடுகளாக இழைத்திருந்தார். அற்புதம் நடக்கும் இடத்தில் மனுஷன் எதையும் தொடவில்லை. மற்ற இடத்திலெல்லாம் மாடாய் உழைத்திருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

போனில் எடுத்த படத்தைப் பார்த்து, மைப்பேனாவால் வரைய உட்கார்ந்தேன். கோடுகள் கோணலாகவாவது வந்தன. ஆனால் தாளில் படிந்து கிடந்த என் கை ஈர மையை இழுத்துக்கொண்டே போனது. அவனுடைய வெள்ளைக் கை சாம்பலாகிவிட்டது. அடுத்த தாளிலும் அதே கதை. இடது கையால் வரையலாமே, இல்லாவிட்டால் டேப்லெட்டில் வரைந்தால் மை இழுக்காதே என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு கட்டுத் தாள் குப்பைக்குப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை, அவன் விரல்நுனியை ஒட்டிய நிழல் மட்டும் பாக்கியிருந்தது. வெள்ளையில் இன்னும் ஒரு பொட்டு அழுக்கில்லை. இதையும் கெடுத்தால் பார் என்று என் கையைத் திட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாறு கோடுகள் போட்டேன். காபி கொண்டுவந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கீழ பாரேன். உன் ரிஸ்ட் பேப்பர்ல படல."

பார்த்தேன். தாளுக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில் என் மணிக்கட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. அழுகை முட்டியது. கண்ணீர் பட்டால் மை கலைந்துவிடும் என்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். கையை இறக்கவில்லை.