சிவப்புக் காய் இருந்த இடம்

ஆசைக்கு நானே கணினியில் நிரல் எழுதிப் பழகும் கரம் போர்ட் விளையாட்டில், மோதி முடித்த காய்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்றோடொன்று முட்டிய இடத்திலேயே விசர் பிடித்ததுபோல நடுங்குகின்றன. திரையில் அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தை வந்துவிட்டது.

சண்டைக்காலம். தண்ணீருக்கடியால் எவரும் நீந்தி வரக்கூடாதென்று துறைமுகத்துக்குள் கடற்படை வெடி போட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் குசினியில் கோப்பைகள் கிலுங்கும், கரம் போர்ட்டில் காய்கள் நகரும். அண்ணா பவுடர் படிந்த விரலால் அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, "இது நேவிக்காரன் அடிச்ச அடி, கணக்கில்லை" என்பான்.

ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த காலையில் எங்கள் ஆட்டம் பாதியில் இருந்தது; அடுத்து அடிக்கும் முறை அவனுடையது. ஆமிக்காரர் வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டார்கள். எழும்பும்போது என்னிடம், "வந்துதான் அடிப்பன். காயில கை வையாதை" என்றான்.

அவன் வரவில்லை. அப்பா முகாம் முகாமாகப் போய் வெறுங்கையோடு திரும்புவார். அம்மா போர்ட்டை எடுக்கவே விடவில்லை. வெடி அதிரும்போதெல்லாம் ஓடிவந்து காய்களைச் சரிப்படுத்துவா. மாதக்கணக்கில் அப்படிச் செய்தவ, ஒருநாள் பெரிய வெடியொன்றுக்குப் பிறகு சிவப்புக் காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா.

"இது எங்கயடி பிள்ளை இருந்தது?"

எனக்கும் ஞாபகமில்லை. அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலில் சத்தம் போட்டு அழுதா.

வேகம் இந்தளவுக்குக் கீழே போனால் அசையாதே என்று இப்போது நிரலில் ஒரு வரி எழுதினேன். எல்லாக் காய்களும் நின்றுவிட்டன. சிவப்பை மட்டும் நான் இன்னும் போர்ட்டில் வைக்கவில்லை.