கீழ்த்தட்டில் நீலக் கோடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கேரட் செல்லுக்குள் மனித மரபணுவைச் சேர்த்துக் குடுவைகளில் வளர்க்கிறோம். நம் உடம்புக்கு வேண்டிய ஒரு புரதத்தை அந்தச் செல்கள் சுரக்கும். அதுதான் மருந்து. அந்தப் புரதம் இல்லாமல் எலும்பெல்லாம் நொந்து படுத்திருந்தவள் என் தங்கை. அவளுடைய அடுத்த ஊசிக்கு இருபது குடுவைகளைத்தான் நம்பியிருந்தோம். இருட்டறையில் மேல்தட்டில் பத்து, கீழ்த்தட்டில் பத்து. இயந்திரம் அவற்றை ராப்பகலாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் செல்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

அன்று பிற்பகல் 3.10. கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது.

"எல்லாத்தையும் கொட்டிடும்மா. புதுசா ஆரம்பிப்போம்," என்றார் மேலாளர்.

"என் தங்கச்சி உடம்பு அதுவரைக்கும் தாங்காது சார். கையாலயே ஆட்டறேன்."

"இருபதையுமா? உனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

"ரெண்டு போதும்."

டார்ச்சோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுழற்றினேன். சளக்... சளக்... பத்தாவதை முடிப்பதற்குள் முதலாவதில் செல்கள் அடியில் படிந்துவிடும். கீழ்த்தட்டுக்குக் குனியவே நேரமில்லை.

3.32. டார்ச் அணைந்தது.

டக்... டக்...

ஊன்றுகோல் சத்தம். கதவு திறக்கவில்லை. ஆனாலும் என் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு, கீழே...

சளக்... சளக்...

என் கை நின்றுபோனது. அது நிற்கவில்லை.

ஓடியிருக்கலாம். தங்கை முகம் கண்ணில் வந்தது. பயம் போய்க் கோபம் வந்தது.

"யாரா வேணா இரு. பயமுறுத்தணும்னா அப்புறம் வா. இப்ப ஆட்டு! நிறுத்தினே, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

சளக்...

சளக்...

4.25. கரண்ட் வந்தது. இயந்திரம் உறுமியது. அறையில் நான் மட்டும்.

கீழ்த்தட்டின் பத்துக் குடுவைகளிலும் ஒரு நீலக் கோடு. சாக்பீஸ் கோடு. தூசியே ஆகாத அந்த அறைக்குள் யாரும் சாக்பீஸ் கொண்டுவர முடியாது.

இருபதும் பிழைத்தன.

தங்கைக்கு ஊசி போட வந்த நர்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது.

"போன வருஷமும், நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, உங்க லேப்ல இப்படித்தான் கரண்ட் போச்சு. உங்க மேலாளர் கொட்டச் சொல்லிட்டார். மருந்து வராம, நான் ஊசி போட்டுக்கிட்டிருந்த ஒரு பொம்பளை செத்துப்போனாங்கக்கா. டெய்லர். கோல் ஊன்றித்தான் நடப்பாங்க. கடைசியில அவங்க விரலைப் பிரிச்சப்போ... உள்ள, துணியில குறி போடற நீல சாக்பீஸ்."

அந்தக் குடுவைகளை இன்னும் நான் கழுவவில்லை. கோட்டை அழிக்கச் சொல்லி மேலாளர் கத்தினார்.

"நீங்களே இருட்டறைக்குள்ள போய் அழிங்க சார்," என்றேன்.

இன்றுவரை அவர் போகவில்லை.