அண்ணன் ராவிக் கொடுத்த விளிம்புகள்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் இரண்டாம் வாரம், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் வீட்டுப் பின்கட்டில் அண்ணன் கையிலிருந்த அரம் தரையில் விழுந்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் ஸ்டெல்லா மூன்று மணிக்குத் தையல் வகுப்பிலிருந்து திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. நான் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில், பின்னால் கேட்ட ஓசைக்கு உடனே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் கிட்டார். விழுந்த அரத்தை எடுக்கக் குனிந்தவரின் வலக்கை பாதி வழியில் நின்றிருந்தது.

தவக்காலத்தில் அண்ணன் ஒருசந்தி தவறாதவர் என்பது நம் உறவினர் அனைவருக்கும் தெரியும். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் உச்சிப் பொழுதுக்குப் பின்தான். அன்று வேலை மும்முரத்தில் அதையும் உண்ணவில்லை. எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஒருசந்தி மயக்கந்தாம்மா, பயந்துக்காதே. சக்கரத் தண்ணி குடு, எய்ந்து குந்துவாரு" என்றார். தெருமுனைக் கம்பவுண்டரும் வந்து நாடி பிடித்து அதையே சொன்னார். நம் தெருவில் தவக்காலத்தில் யார் சாய்ந்தாலும் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அது வாயின் வலப்புறமாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தோம். ஸ்டெல்லா வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏம்மா, மாமா வாய் ஒரு பக்கமா போவுது?" என்று கேட்ட பிறகே ரிக்‌ஷா கூப்பிட ஆள் ஓடியது. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள்.

அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக முதலாண்டுத் திருப்பலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய வாழ்க்கையை எழுதிச் சொல்ல உட்கார்ந்தேன். கை அந்தச் சனிக்கிழமையிலேயே தொடங்குகிறது. பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில், இன்று நாங்கள் குடியிருக்கும் அதே தெருவில். எங்கள் தந்தையார் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தார். கரித்தூள் அவர் மார்பை அரித்துவிட்டது. தந்தையும் அடுத்துத் தாயும் மறைந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. நான் பாவாடை கட்டிய சிறுமி. அண்ணன் ரயில்வே பட்டறையில் சேர்ந்தார். வார்ப்பு அச்சிலிருந்து வரும் உருப்படிகளின் ஓரத்தில் இருக்கும் பிசிறை அரத்தால் ராவி எடுப்பதுதான் அவருக்குத் தந்த முதல் வேலை. அந்தக் கையால் என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கினார். திருமணமும் செய்து வைத்தார். அண்ணியார் பிள்ளை இல்லாமலே சீக்கிரம் காலமானார். அதன் பின் அண்ணன் எங்களோடு வந்து தங்கினார்.

கிட்டார் அவர் கைக்கு வந்தது யுத்த காலத்தில். குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிய அந்தச் சித்திரையில் வீட்டுப் பெண்கள் நாங்களும் போனோம். பட்டறை ஆட்கள் போக முடியாது என்பதால் அண்ணன் மட்டும் தங்கிவிட்டார். அடுத்த வீட்டு மைக்கேல் அண்ணன், துறைமுகத்தில் விஞ்ச் என்னும் பாரந்தூக்கி ஓட்டுபவர், கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பவர். மனைவி மக்களோடு ஊருக்குக் கிளம்பும்போது கிட்டாரை எங்கள் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மாலை நேரங்களில் அண்ணனுக்கு அதுதான் துணை. வாசிக்கத் தெரியாது. தடவிப் பார்த்திருக்கிறார். கழுத்துப் பலகையின் ஓரம் உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது.

வீணையில் மெட்டுகள் உண்டல்லவா, அதுபோலக் கிட்டாரின் கழுத்திலும் குறுக்கே உலோக மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். மழைக்காலம் முழுதும் ஈரம் குடித்த மரம் வெயிலில் ஒடுங்கும். உலோகம் ஒடுங்காது. அதனால் மெட்டுகளின் முனைகள் இருபுறமும் மீன் முள் போலத் துருத்திக்கொள்ளும். அண்ணனுக்கு அது பட்டறைப் பிசிறாகத்தான் தெரிந்தது. எடுத்துவிட்டார்.

பயம் தெளிந்து ஊர் திரும்பிய மைக்கேல் அண்ணன் கிட்டாரை வாங்கி இரண்டு முறை கையை ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "இது என்னுது இல்ல. என்னுது கடிக்கும். எவனுதையோ மாத்தி வெச்சிகினு என்கிட்ட நீட்டுறே."

"பின்னால திருப்பு மாமு. உன் பீடி சுட்ட வடு கீதான்னு பாரு" என்றாராம் அண்ணன்.

அதிலிருந்து ராயபுரத்து வாத்தியக்காரர்களும், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து வருகிறவர்களும், திருவொற்றியூர் ஆட்களும் எங்கள் பின்கட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, விருந்து கிடையாது. கிட்டார்கள் எல்லாம் சும்மா இருக்கும். மரம் மிக ஒடுங்கியிருக்கும் காலமும் அதுவே. அப்போது ராவினால்தான் வேலை நிலைக்கும் என்பார் அண்ணன். ஐப்பசியில் கொண்டுவந்தால், "சாம்பல் புதன் கழிச்சு வா" என்று தவக்காலத்துக்குத் தள்ளித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அரத்தைச் சாய்த்துப் பிடித்து ஓரம் முழுவதும் ஒரே சீராக ராவுவார். பின் சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையின் மூலைகளையும் உருட்டுவார். கடைசியாகப் பலகையின் விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி உப்புத்தாளால் தேய்ப்பார். ஒரு வாரம் புழங்கிய சோப்புக்கட்டியின் ஓரம் எப்படி மழுங்கியிருக்கும், அப்படி ஆகிவிடும். சோதிப்பது விரலால் அல்ல. பட்டறையில் அவர் விரல்கள் காய்த்துப் போயிருந்தன. இடது மணிக்கட்டின் உட்புறத்தை, நரம்பு தெரியும் அந்த மெல்லிய தோலை, கழுத்து நெடுக மெதுவாக இழுத்துப் பார்ப்பார்.

ஸ்டெல்லா தவழத் தொடங்கியபோது எனக்கு வீட்டில் பார்த்ததெல்லாம் கூராகத் தெரிந்தது. சொன்னவுடன் அண்ணன் அரத்தை எடுத்தார். மேசை மூலை, கட்டில் கால், சன்னல் கம்பியின் முனை, அரிசிப் பெட்டி எல்லாம் மழுங்கின. என் கணவர் சிரிப்பார். அண்ணனோ, "இன்னும் எது பாப்பா?" என்று என்னைக் கேட்பார். மகளுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது, இன்னும் வாசலில் நிற்கிறாயே என்று என்னைக் கேலி செய்தவர்கள் பலர். அண்ணன் ஒருநாளும் செய்ததில்லை.

இனி, அந்தச் சனிக்கிழமை அவர் மடியிலிருந்த கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் மைக்கேல் அண்ணனுடையதே. பழையது கழுத்து வளைந்துபோக, கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய வேறொன்று. குளிர் தேசத்து மரம். நம் வெயிலில் மோசமாக ஒடுங்கியிருந்தது. மைக்கேல் அண்ணனுக்கு நீரிழிவு முற்றி விரல்களில் உணர்ச்சி அற்றுப்போயிருந்தது. வெட்டுப்பட்டால் தெரியாது; பட்டது ஆறாது. ஒரு விரல் நுனியை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இனி ஒரு காயம் பட்டால் கையே போகலாம், கிட்டாரைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் கழிந்து அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்தவர் தம் மகள் கல்யாணத்தில் கைகட்டி உட்காருவதா என்று எங்கள் வீட்டில் வந்து அழுதார். அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது: "நீ வாசிப்பே மாமு. கீறல் படாம நான் பண்ணித் தரேன்."

பாதி மெட்டுகள் முடிந்திருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது அண்ணனின் வலப்புறம் முழுதும் செயலற்றிருந்தது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "இன்னா". தண்ணீர் வேண்டுமென்றாலும் இன்னா, வலி என்றாலும் இன்னா, ஸ்டெல்லா வந்து நின்றால் மகிழ்ச்சியிலும் இன்னா. குரலின் ஏற்ற இறக்கத்தில் நாங்கள் பிரித்தறியக் கற்றோம். ஆனால் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைப் பார்த்து அவர் சொன்ன இன்னா எதற்கு என்று எங்களுக்கு முதலில் பிடிபடவில்லை. மைக்கேல் அண்ணனோ அதே நாட்களில் கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கிட்டாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். அதை நான் சொன்னதும் அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று கஞ்சி குடிக்கவில்லை.

மறுநாள் கிட்டாரை எடுத்து அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். அரம் பிடித்து எனக்குப் பழக்கமில்லை. மரத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று ஒரு பயம். நான் விட்ட பிசிறு மைக்கேல் அண்ணன் கையைப் பறித்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். சற்றே ராவுவேன், கிட்டாரின் கழுத்தைத் தூக்கி அண்ணனின் இடது மணிக்கட்டில் இழுப்பேன். "இன்னா" என்று புருவம் சுருங்கினால் மறுபடி ராவ வேண்டும். "இன்னா" என்று மூச்சோடு தணிந்து வந்தால் அடுத்த மெட்டு. பள்ளிவிட்டு வந்த மாலைகளெல்லாம் இப்படிப் போயின. அந்த நாட்களில் அண்ணன் முகத்தில் இருந்த தெளிவை நான் என்ன சொல்லி எழுதுவேன்!

பெரிய வெள்ளியன்று சில மெட்டுகளே மிச்சம். ஆண்டவரை ஆணியில் அறைந்த நாளில் நம் வீடுகளில் இரும்புக் கருவி எடுப்பதில்லை. அண்ணன் அரத்தைப் பார்த்தார். நான் சிலுவையைக் காட்டினேன். கண்ணை மூடி ஒப்புக்கொண்டார். மறுநாள் முடித்தோம். உயிர்ப்பு ஞாயிறன்று கிட்டார் சுவரில் இருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை, ஸ்டெல்லாவின் புதுப் பாவாடையைப் பார்த்து இன்னா இன்னா என்றார். புதன்கிழமை காலை, பங்குத் தந்தை கையால் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் பெற்றபின், அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அவர் கையில் செபமாலையைச் சுற்றும்போது இடது மணிக்கட்டில் மெல்லிய கீறல்கள் பல இருப்பதைக் கண்டேன். நான் சரியாக ராவாத இடங்கள். ஒருமுறைகூட அவர் கையை இழுத்துக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ரிக்‌ஷாவில் அண்ணனை மடியில் தாங்கி வந்த கம்பவுண்டருக்கும், முறைவைத்து வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய பட்டறை நண்பர்களுக்கும், தினமும் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், கல்லறை வரை நடந்து வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உங்கள் செபங்களில் அண்ணனை வைத்திருங்கள்.

அண்ணன் மறைந்த ஏழாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்துகொண்டிருந்தபோது, கோலூன்றி மைக்கேல் அண்ணன் வந்தார். அடக்கத்துக்கு வர முடியாதவர், அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்திருந்தார். அண்ணன் படத்தின் முன் போய் நின்றார். மீதியை ராவியது நான்தான் என்று சொன்னேன். எதற்கும் வாசிக்க வேண்டாம் என்றும் கெஞ்சினேன். அவர் கிட்டாரை எடுத்து உட்கார்ந்தார். இடக்கையை மேலும் கீழுமாக, வேண்டுமென்றே அழுத்தி, ஓரத்தோடு ஓரமாகப் பலமுறை ஓட்டினார். பின் உள்ளங்கையையும் விரல்களையும் விரித்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. நீ பாத்து சொல்லு."

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டெல்லாவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கீறல் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

மைக்கேல் அண்ணன் கையை மடக்கிக்கொண்டு, படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் இருந்தா இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சிருப்பான். எனக்கு இது போதும். கல்யாணத்துக்கு வந்துடு தங்கச்சி. துக்க வூடுன்னு வாசல்லயே நின்னுடாதே."